வாட்டைச் சொல்லி விற்காதீர்கள், யூனிட்டைச் சொல்லுங்கள்: சிறு காற்றாலை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறு காற்றாலைகளைச் செய்பவர்களுக்கும், வாங்கி விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் சுரண்டைக்கும் ஆலங்குளத்துக்கும் இடையே ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குக் கரண்டுக் கம்பி கிடையாது. கடைசிக் கம்பத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே பலருடைய நிலம் இருக்கிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டு கம்பம் நட இடம் விடும் காலம் இன்னும் வரவில்லை. அதனால் குடிவந்த நாள் முதல் சோலார் பேனலும் பேட்டரியும்தான். 2016இல் அதோடு ஒரு காத்தாடியும் சேர்ந்தது. காற்றாலை என்று எழுதுகிறோமே தவிர, எங்கள் பக்கத்தில் பெரியதோ சின்னதோ எல்லாமே காத்தாடிதான்.

அந்தக் காத்தாடி இன்றும் சுற்றுகிறது. ஆனி, ஆடியில் எங்கள் வீட்டு கிரைண்டர் ஓடுவதும், ராத்திரி முழுக்க மூன்று மின்விசிறி சுற்றுவதும் அதனால்தான். சிறு காற்றாலை என்பதே வீண் செலவு என்று சொல்பவர்களோடு நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். பெரும்பாலும் தோற்றுப்போயிருக்கிறேன். ஏனென்றால், வாங்கி ஏமாந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றியது காற்று இல்லை, நீங்கள் விற்கிற விதம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எனக்கு விற்றவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தவர் என்றும் நான் நினைக்கவில்லை. அவர் கையில் ஒரு தாள் இருந்தது. அதில் பெரிய எழுத்தில் ‘1 கிலோவாட்’ என்று போட்டிருந்தது. 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ‘ஒரு நாளைக்கு 24 மணி நேரம். பாதி நேரம் சுற்றினாலே 12 யூனிட்’ என்று கணக்குப் போட்டார். வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில் பெரிய காத்தாடிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ‘அதெல்லாம் சுற்றுகிற ஊரில் இது சுற்றாதா?’ என்று கேட்டார். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. 1986இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்கள் வந்தது முதல் இந்தத் தென்மாவட்டங்கள் காத்தாடியைப் பார்த்தே வளர்ந்தவை. இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்று இல்லை என்று எங்களிடம் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டோம். நகையை அடகு வைத்து வாங்கினோம்.

மொட்டை மாடியில் மூன்று மீட்டர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாசி மாதம் அது. மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. காத்தாடி சுற்றும், நிற்கும், திசை தெரியாமல் வாலை ஆட்டும், திரும்பவும் சுற்றும். பேட்டரிக்கு ஒன்றும் வந்த மாதிரி தெரியவில்லை. அப்புறம்தான் அந்தத் தாளை எடுத்து முழுசாகப் படித்தேன். கடைசி வரியில், சின்ன எழுத்தில், ‘நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில்’ என்று இருந்தது.

நொடிக்கு 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். பிடித்த குடை மடங்கித் திரும்பிக்கொள்ளும் காற்று. எங்கள் ஊரில்கூட ஆடியில்தான் அப்படி அடிக்கும், அதுவும் சில மணி நேரம். மற்ற நாளெல்லாம் என்ன கிடைக்கும் என்று அந்தத் தாள் சொல்லவே இல்லை. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடியை, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். மூன்றில் ஒன்றானால் இருபத்தேழில் ஒன்று. 12 மீட்டர் வேகத்தில் 1,000 வாட் தரும் இயந்திரம் 6 மீட்டரில் 125 வாட் தரும். 4 மீட்டரில் 37 வாட். கரண்டு குறைவாக எடுக்கும் ஒரு மின்விசிறிக்குக் காணும், அவ்வளவுதான். 3 மீட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலான இயந்திரங்கள் சுற்றினாலும் பேட்டரிக்கு எதுவும் ஏறாது.

இதைப் பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்கலாம். நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்வதில்லை?

உண்மையில் எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதை மறைப்பதற்கு வாட் என்ற சொல் உங்களுக்கு வசதியாக இருக்கிறது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு காத்தாடியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் அதைத்தான் 1 கிலோவாட் என்று விற்கிறீர்கள். ஆண்டுச் சராசரி நொடிக்கு 5 மீட்டர் காற்று உள்ள இடத்தில் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட் தரும். 3 மீட்டர் சராசரி உள்ள இடத்தில் அரை யூனிட் கிடைத்தால் பெரிது. அதே நேரத்தில் தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் பேனல் ஒரு நாளைக்கு 4 யூனிட் வரை தருகிறது. இரண்டின் மீதும் 1 கிலோவாட் என்றுதான் ஒட்டியிருக்கும். வாங்குகிறவர் எப்படி ஒப்பிடுவார்?

அமெரிக்காவில் 2009இல் சிறு காற்றாலைகளுக்கு ஒரு பொதுத் தர அளவு கொண்டுவந்தார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில், அதாவது நொடிக்கு 11 மீட்டரில், கிடைக்கும் வாட்டைச் சொல்ல வேண்டும். அதோடு சராசரி 5 மீட்டர் காற்றில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் வேண்டும். உங்கள் தாளில் அந்த இரண்டாவது எண் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று கேட்கிறேன். 5 மீட்டருக்கு மட்டும் போதாது. நம் ஊர்களில் பாதிக்கு மேல் 3 மீட்டர், 4 மீட்டர் காற்றுதான். அந்த வேகங்களுக்கும் போடுங்கள்.

இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பையும் போடுங்கள். நெதர்லாந்தில் ஸ்கோன்டைக் என்ற ஊரில் 2008 ஏப்ரல் முதல் ஓராண்டு, பல சிறு காற்றாலைகளைத் திறந்த வெளியில் பக்கம் பக்கமாக நிறுத்தி அளந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காற்று, சராசரி 3.8 மீட்டர். 5 மீட்டர் விட்டமுள்ளது அந்த ஆண்டில் 2,691 யூனிட் தந்தது. 1 மீட்டர் விட்டத்தில் அழகாகப் பந்து மாதிரி செய்யப்பட்டிருந்தது 73 யூனிட் தந்தது. ஆண்டு முழுவதுக்கும் 73. எவ்வளவு காற்றை வளைத்துப் பிடிக்கிறோமோ அவ்வளவுதான் கிடைக்கும். வளைத்ததிலும் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். சிறு இயந்திரம் நடைமுறையில் 30ஐத் தொட்டாலே நல்ல இயந்திரம். ஆகவே ‘எங்கள் இறக்கை வேறு மாதிரி, மெல்லிய காற்றிலும் கொட்டும்’ என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

மாடி விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

எங்கள் அத்தை, என் கணவரின் அம்மா, பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் இருப்பவர். மாடியில் காத்தாடி வாலை ஆட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இங்க காத்து சுத்துதும்மா. பனைக்கு மேலதான் நேரா போகுது’ என்றார். பனங்கொண்டையைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வரியில் இருப்பதைத்தான் காற்றாலைக் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. வீட்டுச் சுவரில் மோதிய காற்று மாடிக்கு மேலே சுழல்கிறது. சுழலும் காற்றில் வேகமும் இல்லை, திசையும் இல்லை. இறக்கையையும் பேரிங்கையும் தேய்ப்பதற்குத்தான் அது ஆகும். சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட, இறக்கையின் கீழ்நுனி 9 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பால பாடம். அதை எனக்கு விற்றவர்கள் சொல்லவில்லை. கோபுரத்தின் செலவைச் சொன்னால் நான் வாங்காமல் போய்விடுவேன் என்று பயந்திருக்கலாம்.

இங்கிலாந்தில் வாரிக் காற்று ஆய்வு என்று ஒன்று 2007, 2008இல் நடந்தது. வீடுகள் மேலும் கட்டடங்கள் மேலும் பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்தார்கள். பழுதாகி நின்ற நாட்களையும் சேர்த்தால் ஒரு இயந்திரம் ஒரு நாளைக்குச் சராசரியாகத் தந்தது 214 வாட்-மணி. கால் யூனிட்கூட இல்லை. காற்றுக்குப் பெயர் போன நாட்டிலேயே மாடியின் கதி அது. 2009இல் அந்த அறிக்கை வந்த பிறகும் மாடியில் காத்தாடி வைத்துக் கொடுப்பது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு ஆடியும் வந்தது. காற்று கூடியபோது வீடே உறுமியது. படுத்தால் தலையணைக்குள் அந்தச் சத்தம் கேட்கும். ஜன்னலுக்கு மேலே சுவரில் விரிசல் விட்டது. ஒரு நடுராத்திரியில் பேட்டரி நிறைந்ததும், பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் காத்தாடியைத் துண்டித்துவிட்டது. சோலார் பேனலைத் துண்டித்தால் ஒன்றும் ஆகாது, அது சும்மா வெயிலில் கிடக்கும். காத்தாடியின் சுமையை எடுத்துவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வேகம் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சுகிற மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சூடாக்கிக் கழிக்க ஒரு டம்ப் லோடு கண்டிப்பாக வேண்டும். கைக்கு ஒரு பிரேக் சுவிட்ச் வேண்டும். காற்று மிஞ்சினால் வால் மடங்கி, இறக்கை தானாகவே காற்றுக்கு விலகித் திரும்ப வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது சோலாருக்கான கன்ட்ரோலர். அந்த ராத்திரி கேட்ட அலறலை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. ஒரு இறக்கை ஒடிந்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. மாட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விற்றவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். காற்று அதிகமாக அடித்ததால் உடைந்தது, அதற்கு வாரண்டி வராது என்றார்.

காற்று அடிக்கும் என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் என் கணவர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அத்தை சொன்ன பனையின் உச்சிதான் கண்ணில் நின்றது. எங்கள் பனைகள் முப்பது அடி இருக்கும். அதற்கு மேலே முப்பது அடி என்று கணக்குப் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி, அறுபது அடிக்கு ஒரு குழாய்க் கோபுரம் போட்டோம். பட்டறையில் வெல்டிங் வைத்து, அடியில் கீல் போட்டு, நாலு பக்கமும் ஸ்டே கம்பி இழுத்து, டிராக்டரால் படுக்கவும் நிறுத்தவும் முடிகிற மாதிரி செய்தோம். கோபுரத்துக்கு ஆன செலவு காத்தாடியின் விலையையே எட்டிவிட்டது. இறக்கை, கன்ட்ரோலர், டம்ப் லோடு எல்லாம் புதிது. இடிக்கு எர்த் தனியாக. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி முனை அருகே கடந்தபோது, முதல் நாளே கோபுரத்தைப் படுக்கவைத்திருந்தோம். மாடியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்து எழுதி வருகிறேன். தினமும் பேட்டரிக்குக் காத்தாடியிலிருந்து எவ்வளவு, பேனலிலிருந்து எவ்வளவு என்று. அந்த நோட்டில் இருந்துதான் இந்தப் பகுதியை எழுதுகிறேன், நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மதில் தாழ்ந்திருக்கும் இடங்களில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்குகிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் ஒரு தடவை நின்றவர்களுக்கு அது என்ன என்று தெரியும். எங்களுக்கு அது மேக்காத்து. வைகாசிக் கடைசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை. அந்த மாதங்களில்தான் குற்றாலத்தில் சாரல். சாரல் அங்கே விழுந்தால் எங்களுக்கு வானம் மூடிக்கொள்ளும், பேனல் மங்கிவிடும். அப்போது காத்தாடி ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறது. பேனலும் காத்தாடியும் ஒன்று களைக்கும்போது ஒன்று தாங்குகிற அந்த நான்கு மாதமும் எங்கள் வீட்டில் கரண்டுக்குக் குறையே கிடையாது. பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தும், பேனல் போதும். காத்தாடி பாட்டுக்கு நிற்கும்.

கஷ்டம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வடகிழக்குப் பருவமழை. வானமும் மூடியிருக்கும், மேக்காத்தும் இருக்காது. மூன்று நாள் தொடர்ந்து அப்படிப் போனால் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஆட்டுக்கல்லுக்குப் போகிறோம். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, மகள் படிக்க ஒரு மேசை விளக்கு. சோலாரும் காற்றும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று உங்கள் தாள்களில் படிக்கிறேன். ஈடுசெய்யும், ஆனால் ஆண்டு முழுவதும் இல்லை. கம்பி இல்லாத வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கார்த்திகை மாதம்தான் கணக்கு. பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை அந்த மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே எங்களிடம் அதைப் பேசுங்கள். பழைய 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் பிஎல்டிசி விசிறி போட்டால், அதே பேட்டரி இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்தாடி விற்பவர் விசிறியைப் பற்றிப் பேசினால் எங்களுக்கு நம்பிக்கை வரும்.

ஸ்காட்லாந்தில் எக் (Eigg) என்ற தீவில் ஏறக்குறைய நூறு பேர் இருக்கிறார்கள். 2008 பிப்ரவரி முதல் தீவு முழுவதற்கும் அவர்களே மின்சாரம் செய்துகொள்கிறார்கள். ஓடையில் நீர்மின்சாரம், 6 கிலோவாட் காற்றாலை நான்கு, அப்புறம் சோலார். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எல்லையைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொண்ட ஊர் அது. எல்லையைத் தெரிந்துகொண்டால் நாங்களும் அப்படி இருப்போம்.

பழுது பற்றியும் சொல்ல வேண்டும். அதே ஸ்காட்லாந்தில் ஸ்கோரேக் என்ற இடம், சாலையே கிடையாது. படகில் போக வேண்டும், இல்லையென்றால் நீண்ட தூரம் நடக்க வேண்டும். அங்கே ஹ்யூ பிகட் என்பவர் 1970-களிலிருந்து காத்தாடிகளைக் கையாலேயே செய்துவருகிறார். மரத்தில் செதுக்கிய இறக்கை, காந்தங்களை வட்டமாக ஒட்டிய தட்டு, கையால் சுற்றிய செம்புக் காயில். அந்த முறையை உலகமே எடுத்துக்கொண்டது. நம் ஆரோவில்லில் மின்வாயு என்ற குழு அதே முறையில் செய்திருக்கிறது, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: செய்யத் தெரிந்தவருக்கு ரிப்பேர் தெரியும். எங்கள் பக்கத்தில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிற கடைகள் எத்தனையோ இருக்கின்றன. காயில் சுற்றும் விவரமும், பேரிங் எண்ணும், இறக்கையின் வரைபடமும் உங்களிடம் இருந்து கிடைத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இப்போது பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்கிறீர்கள். ஆடி மாதத்தில் ஆள் அனுப்பவும் உங்களால் முடிவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. விற்பதற்கு முன் அளந்து பாருங்கள். ஒரு காற்றுமானியை, கோபுரம் வரப்போகிற இடத்தில், வரப்போகிற உயரத்துக்கு முடிந்தவரை பக்கத்தில், மேக்காத்து மாதத்திலும் அது ஓய்ந்த மாதத்திலும் நிறுத்துங்கள். அதற்கு வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். 100 மீட்டர் உயரத்துக் காற்று வரைபடத்தைக் காட்டி 10 மீட்டர் குழாயை விற்காதீர்கள். கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனைத் தளம் இருக்கிறது. உங்கள் இயந்திரத்தை அங்கே ஓட்டி அளந்து, வந்த எண்ணை அப்படியே அச்சிடுங்கள். அளந்து பார்த்த பிறகு, இந்த இடத்துக்குக் காத்தாடி வேண்டாம், அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பேனல் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தால், சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் உண்மையான பதில். கணவாய்களின் வாயிலும், கடற்கரையிலும், திறந்த மேட்டுநிலத்திலும் இருக்கிற கொஞ்சம் வீடுகளுக்குத்தான் காத்தாடி. அந்தக் கொஞ்சம் பேருக்கு ஒழுங்காகச் செய்து கொடுத்தால், நாங்களே உங்களுக்காக நாலு பேரிடம் பேசுவோம்.

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். அவருக்கும் கம்பி வராது. எங்கள் காத்தாடியைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வாங்க நினைக்கிறார். ஓர் ஆண்டு பொறுங்கள், முதலில் அளப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நிலத்தில் இரண்டு பக்கமும் தென்னை, எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் காற்றுமானியோடு வாருங்கள். கம்பத்துக்கு என் பழைய மாடிக் குழாய் இருக்கிறது, உயரம் போதாது என்றால் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். என் நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், இருந்து படித்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
சுரண்டைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு விவசாயி